வாயில் வேதம், கையில் தோல்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்: தொழுகைக்கும் ஜெபத்துக்கும் திருவிழாவுக்கும் குறைவே இல்லாத தோல் தொழில் பூமி. இங்குள்ளவர்கள் தங்கள் மறைநூலை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள்? அறியாமல் போனதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

ரமலான் மாதத்தின் மூன்றாம் இரவு. ஆம்பூர்ப் பள்ளிவாசலில் இஷா தொழுகை முடிந்து, தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகை தொடங்கியிருக்கிறது. மின்விசிறிகளின் இரைச்சலையும் தாண்டி குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிஸின் குரல் ஏறி இறங்குகிறது. வரிசை வாசற்படி வரை நீண்டு கிடக்கிறது. ஷூ ஏற்றுமதி செய்யும் முதலாளியும், டேனரியில் டிரம் ஓட்டுகிறவரும், பச்சைத் தோல் வியாபாரியும் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். நோன்புக் கஞ்சியும் பகல் முழுக்க உழைத்த களைப்பும் சேர்ந்து சிலருக்குக் கண்ணைச் சுழற்றுகிறது.

நாளொன்றுக்கு ஒரு பாகம் என்று ஓதி வரும் பள்ளிவாசல்களில், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது வசனம் வருவது இந்த மூன்றாம் இரவில்தான். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அது. சொர்க்கத்தையோ நரகத்தையோ அது பேசவில்லை, கடனைப் பேசுகிறது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுகிறவர் நியாயமாக எழுதட்டும், கடன் வாங்கியவரே வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், சின்னத் தொகைதானே என்று எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறது.

கேட்டு நிற்பவர்களில் பலருக்குத் தோல் வியாபாரமே கடனில்தான் ஓடுகிறது. வாய்ச்சொல், துண்டுச்சீட்டு, 'அடுத்த லோடுல பாத்துக்கலாம்' என்ற நம்பிக்கை. பிறகு ஒரு நாள் தகராறு, ஜமாஅத்தில் பஞ்சாயத்து. அந்தத் தகராறு எழாமலிருக்க வழி சொல்லும் வசனம் எழுத்துப் பிசகாமல் ஓதப்பட்டு, பக்தியோடு கேட்கப்பட்டு, அரபி ஓசையாகவே கடந்து போகிறது. தன் கணக்குப் புத்தகத்தைப் பற்றித்தான் இப்போது ஓதுகிறார்கள் என்று தெரிந்து நின்றவர்கள் அந்த வரிசையில் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை முஸ்லிம்களிடம் மட்டும் கேட்டு நிறுத்தினால் நியாயமாகாது. வேலூர்க் கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் தேவாலயமும் இருக்கின்றன. குடியாத்தத்தில் அம்மன் திருவிழா என்றால் ஊரே வீதியில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் லுத்தரன் சபைகளில் இடம் கிடைக்காது. மூன்று சமயத்தாரிடமும் பற்று குறையவில்லை. நூல் மட்டும் பெரும்பாலும் உறை போட்டு, பட்டுத் துணி சுற்றி, உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஓதத் தெரியும், பொருளுக்கு ஹஜ்ரத்

மார்க்கக் கல்விக்கு இங்கே பஞ்சமே இல்லை. வேலூரில் ஷா அப்துல் வஹாப் ஹஜ்ரத் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியைத் தென்னிந்திய மதரஸாக்களின் தாய் என்பார்கள். அங்கே பட்டம் பெற்றவர் பெயரோடு 'பாகவி' சேர்ந்துவிடும். ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் 1924இல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் நூறாண்டைத் தாண்டிவிட்டது. அங்கே படித்தவர் 'உமரி'. முழுக் குர்ஆனையும் முதன்முதலில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று அறியப்படும் காரைக்கால் ஆ.கா. அப்துல் ஹமீத் பாகவியும், பெயரே சொல்வதுபோல, வேலூரில் ஓதியவர்தான். 1920களில் அவர் தொடங்கிய பணி 1940களில் முழுமை பெற்றது.

அறிஞர்கள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பும் வந்து பல பதிற்றாண்டுகள் ஆகிவிட்டன. பிறகு எங்கே இடறுகிறது? மொழியில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் உருதுதான் பேச்சு. ஜும்ஆ பயானும் உருதுவில். பிள்ளைகள் படிப்பது ஆங்கிலத்திலோ தமிழிலோ. வேதம் அரபியில். காலையில் மக்தபில் (குர்ஆன் பள்ளியில்) நூரானி காயிதா என்ற பாடநூலை வைத்து அரபி எழுத்துக் கூட்டும் பிள்ளை, சில ஆண்டுகளில் குர்ஆன் முழுவதையும் தடங்கலில்லாமல் ஓதி முடிக்கிறது. வீட்டில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடுகிறார்கள். பொருள் என்ன என்று கேட்டால், "அத ஹஜ்ரத்தத்தான் கேக்கணும்" என்ற பதில் இயல்பாக வரும். தாத்தா வைத்துப் படித்த உருதுத் தப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை) அலமாரியில் இருக்கிறது. உருதுவைப் பேச மட்டுமே தெரிந்த பேரனுக்கு அது சாவி தொலைந்த பெட்டி. தமிழ் மொழிபெயர்ப்பைக் கையில் எடுக்கவோ, 'அது நம்ம வீட்டு மொழியில்லையே' என்ற தயக்கம்.

ஓதுவதே வணக்கம், அதற்கே நன்மை உண்டு என்பது இஸ்லாமிய நம்பிக்கை. அதைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நூல் எழுத்து மாறாமல் நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது இந்த மனப்பாடத்தால்தான். ஆனால் ஓதுவதில் தேர்ச்சி பெற்றவுடன் படிப்பு முடிந்துவிட்டது என்று ஊரே நம்பிவிடுவது வேறு கதை.

| பெட்டிச் செய்தி: நூல்களின் அளவு |
|---|
| குர்ஆன்: 114 அத்தியாயங்கள், ஓதும் வசதிக்காக 30 பாகங்கள். |
| விவிலியம்: சீர்திருத்தச் சபைகளுக்கு 66 நூல்கள், கத்தோலிக்கருக்கு 73. இரு தரப்பாரும் சேர்ந்து உருவாக்கிய தமிழ்த் 'திருவிவிலியம்' வெளிவந்தது 1995இல். |
| பன்னிரு திருமுறை: தேவாரம் முதல் பெரியபுராணம் வரை 12 தொகுப்புகள். |
| நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம்: வைணவர் போற்றும் தமிழ் மறை. |
| பகவத் கீதை: மகாபாரதத்துக்குள் 700 சுலோகங்கள். |

காதால் படித்த வேதம்

இந்துக்களிடம் 'உங்கள் வேதத்தைப் படித்திருக்கிறீர்களா' என்று கேட்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. எந்த நூல்? நான்கு வேதங்களைக் குரு வழியாகக் கேட்டு ஓத அனுமதி பெற்றவர்கள் ஒரு சிறு பிரிவினர் மட்டுமே. மற்றவர்களுக்குப் படிக்கக் கிடைக்கவில்லை என்பதைவிட, கொடுக்கப்படவில்லை என்பதுதான் சரி. அவர்கள் வேறு வழியில் படித்தார்கள்: காதால்.

வேலூரை ஒட்டிய காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த கிருபானந்த வாரியார் இந்தக் காதுப் படிப்பின் மாபெரும் வாத்தியார். சிறு வயதிலேயே ஆயிரக்கணக்கான பாடல்களைத் தந்தையிடம் மனப்பாடம் செய்தவர். 1993இல் மறையும்வரை ஊர் ஊராகப் போய்ப் பெரியபுராணத்தையும் கந்தபுராணத்தையும் திருப்புகழையும் பேச்சுத் தமிழில் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவர்களிடம் நடுநடுவே கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளைக்குச் சின்னப் புத்தகம் பரிசு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட எந்த நாயன்மார் எந்த ஊர் என்று சொல்வதற்கு அந்தக் கதா காலட்சேபம் வழி செய்தது.

வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் நடக்கும் பாரதத் திருவிழாவும் இதே வகைப் பள்ளிக்கூடம்தான். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடலைச் சொல்லிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக ஆடப்படும். அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம், கடைசியில் தீமிதி. நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குக் கதையின் முடிச்சு ஒவ்வொன்றும் தெரியும். அவர்களைப் 'படிக்காதவர்கள்' என்று எந்தத் தேர்வைக் கொண்டு சொல்வது?

ஆனால் காது வழி வரும் வேதம் வருகிற வழியில் ஊர்க்கதையையும் சேர்த்துக்கொண்டு வரும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பாருங்கள். வைகாசி முதல் நாள் அம்மனின் சிரசு ஊர்வலமாக வந்து சண்டாளச்சியின் உடலில் பொருத்தப்படுகிறது. இதன் பின்னணி ரேணுகை கதை. தந்தை ஜமதக்னியின் கட்டளையால் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டியதும், பின்பு வரம் பெற்று அவளை உயிர்ப்பித்ததும் மகாபாரத வனபர்வத்தில் உள்ளவை. தலை மாறி வேறொரு பெண்ணின் உடலில் பொருந்திய கதை அங்கே கிடையாது. அதை எழுதியது ஊர். ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடலில்தான் தெய்வம் முழுமை பெறுகிறது என்று ஒரு திருவிழா ஆண்டுதோறும் சொல்கிறது. நூல் அதைச் சொல்லவில்லை. எது பெரிய வேதம் என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நூலில் இருப்பது எது, ஊர் சேர்த்தது எது என்று பிரித்தறிவதும் மறைநூல் அறிவின் ஒரு பகுதி என்று மட்டும் சொல்லலாம்.

மூன்று நூலிலும் தோல் உண்டு

இந்த மண்ணின் தொழிலைப் பற்றி மூன்று மரபுகளின் நூல்களும் பேசுகின்றன. அதைத் தோல் வேலை செய்கிறவர்களே பெரும்பாலும் கேள்விப்பட்டதில்லை.

முதலில் விவிலியம். அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம்: யோப்பா பட்டணத்தில் பேதுரு பல நாள் தங்கியது, தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில். யூத மரபில் அது அருவருப்போடு பார்க்கப்பட்ட தொழில். பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழமாவது தள்ளி இருக்க வேண்டும் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது. அந்தத் தொழில் செய்யும் கணவனின் நாற்றம் தாங்காவிட்டால் மனைவி மணவிலக்குக் கேட்கலாம் என்றும் இடம் தருகிறது. சபையின் தலைமகனாகிய பேதுரு அப்படிப்பட்டவர் வீட்டில்தான் பாய் விரித்தார். அந்த வீட்டு மாடியில் ஜெபிக்கும்போதுதான் அவருக்குத் தரிசனம் கிடைத்தது. எந்த மனிதரையும் தீட்டு என்று தள்ளக் கூடாது என்ற முடிவுக்கு அவர் வந்தது அதன் பிறகே. கிறிஸ்தவம் யூத எல்லையைத் தாண்டிய வாசல் ஒரு தோல் தொழிலாளியின் வீடு.

அமெரிக்க ஆர்க்காடு மிஷன் இந்தப் பகுதியில் 1853இல் வேலையைத் தொடங்கியது. மிசௌரி லுத்தரன் மிஷன் 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி, விரைவிலேயே ஆம்பூருக்கு வந்தது. இந்தச் சபைகளுக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறார்கள். தோல் நாற்றத்தோடு வீடு திரும்புகிறவருக்கு, பேதுரு நம் போன்றவர் வீட்டில் தங்கினார் என்ற செய்தி எவ்வளவு பெரியது! ஞாயிறு பிரசங்கத்தில் அது எத்தனை முறை வந்திருக்கும்?

அடுத்து பெரியபுராணம். ஆதனூர் நந்தனார், அதாவது திருநாளைப்போவார், செய்த திருப்பணி என்ன என்று கேட்டால் 'சிதம்பரம் போகத் துடித்தார்' என்போம். நூலாசிரியர் சேக்கிழார் சொல்லும் திருப்பணி தோல் பணி. சிவன் கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் அவர். கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர் கொடுத்த தோலில்தான் கோயிலின் முழக்கமே எழுந்தது.

மூன்றாவது குர்ஆன். 16ஆம் அத்தியாயத்தின் 80ஆவது வசனம், கால்நடைத் தோலால் ஆன கூடாரங்களையும் கம்பளி, உரோமப் பொருள்களையும் இறைவனின் அருட்கொடைகளாக எண்ணுகிறது. பதனிட்ட தோல் தூய்மையாகிவிடுகிறது என்று நபிமொழி உண்டு. தோல் தொழிலை முஸ்லிம் வணிகர்கள் கூச்சமில்லாமல் கையில் எடுத்ததற்கு இந்த மார்க்கப் பின்னணியும் ஒரு காரணம். ஆனால் தூய்மை என்ற அந்தத் தீர்ப்பு, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் கைகளுக்கும் சேர்த்துத்தான் என்று ஊர் நடந்துகொண்டதா?

| பெட்டிச் செய்தி: நந்தனார், நூலிலும் மேடையிலும் |
|---|
| சேக்கிழார் (12ஆம் நூற்றாண்டு): நந்தனார் ஊர்ப்பணிக்காகப் பெற்ற மானிய நிலத்தில் வாழ்ந்தார். அவரை அடக்கி ஆளும் பண்ணையார் இல்லை. |
| கோபாலகிருஷ்ண பாரதியார் (19ஆம் நூற்றாண்டு): நந்தனார் பண்ணையாள். உத்தரவு தர மறுக்கும் வேதியர், ஒரே இரவில் விளையும் நாற்பது வேலி ஆகியவை 'நந்தன் சரித்திரம்' சேர்த்தவை. |
| திரைப்படம்: கே.பி. சுந்தராம்பாள் நடித்தது 1935இல். தண்டபாணி தேசிகர் நடித்தது 1942இல். மக்கள் மனத்தில் பதிந்தது இந்த நந்தனார்தான். |
| தில்லையில் தீ மூழ்கும் காட்சி நூலிலும் உண்டு, மேடையிலும் உண்டு. |

தெரியாததன் விலை: பணத்தில்

அறியாமை தேர்வில் மதிப்பெண் குறைவதோடு நிற்பதில்லை. அதற்குக் கணக்கு எழுதலாம். ரமலான் கடைசிப் பத்து நாள்களில் தோல் ஊர்களில் ஜகாத் என்னும் கட்டாய தானம் கைமாறுகிறது. செல்வந்தர் வீட்டு வாசல்களில் வரிசை நிற்கிறது. இரண்டரை சதவீதம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த விகிதம் குர்ஆனில் இல்லை, நபிவழியில் வந்தது. குர்ஆனில் இருப்பது யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். 9ஆம் அத்தியாயம் 60ஆவது வசனத்தில் எட்டு வகையினர். வறியவர், ஏழை ஆகியோரோடு கடனாளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

எவ்வளவு என்பது தெரிந்து, யாருக்கு என்பது தெரியாமல் போனால் என்ன ஆகும்? தொகை சில்லறையாகச் சிதறும். நூறும் இருநூறுமாக, சேலையும் கைலியுமாகக் கைக்குக் கை மாறிப் பெருநாளோடு தீர்ந்துவிடும். வாரத் தவணைக் குழுக்கடனில் மூழ்கிக் கிடக்கும் ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளியின் கடனை மொத்தமாக அடைத்து மீட்பதும் அதே வசனத்தின் கட்டளைதான். ஜமாஅத்துகள் பைத்துல்மால் என்ற பொதுநிதி அமைத்து ஜகாத்தைத் திரட்டிக் கொடுக்கும் இடங்களில் இந்த வழி திறக்கிறது. தனித்தனியாகக் கொடுக்கும் இடங்களில் பட்டியலின் முதல் இரண்டு பெயர்களோடு வாசிப்பு நின்றுவிடுகிறது.

பெண்கள் பங்கில்

இதைவிடப் பெரிய கணக்கு வீட்டுக்குள் இருக்கிறது. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் சொத்தில் இன்ன பங்கு என்று பின்னக் கணக்காகவே எழுதிவைத்திருக்கிறது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அதையும் சேர்த்தது. ஆக, இங்கே வேதமும் சட்டமும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஆனாலும் 'கல்யாணத்துக்கே இவ்வளவு செலவு பண்ணியாச்சே' என்ற ஒரு வாக்கியத்தில் பெண்ணின் பங்கு கரைந்துபோவது எல்லாச் சமயத்து வீடுகளுக்கும் தெரிந்த வழக்கம். மகளுக்கு என்ன பங்கு என்பது அண்ணன் தம்பிகளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அவளும் சிறு வயதில் அதே அத்தியாயத்தை ராகத்தோடு ஓதி முடித்தவள்தான்.

மணக்கொடையும் அப்படித்தான். மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்பது அதே அத்தியாயத்தின் நான்காம் வசனம். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம்கூட மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தது. நடைமுறையில் மஹர் பேருக்கு ஒரு தொகையாகச் சுருங்கி, பணமும் பண்டமும் எதிர்த்திசையில் ஓடுகின்றன.

வசனம் படிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அண்மைய சான்று உண்டு. 2017 ஆகஸ்ட் 22 அன்று ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லாது என்றது. பெரும்பான்மையில் நின்ற நீதிபதி குரியன் ஜோசப், மணவிலக்கு பற்றிய குர்ஆன் வசனங்களையே எடுத்து ஆராய்ந்தார். இரு குடும்பத்திலிருந்தும் நடுவர் வைத்துச் சமரசம் செய்வது, காத்திருப்புக் காலம் ஆகியவற்றை நூல் வலியுறுத்தும்போது, அதற்கு எதிரானது ஷரீஅத்தில் நல்லதாக இருக்க முடியாது என்ற தர்க்கத்தில் தீர்ப்பு எழுதினார். அந்த வசனங்கள் நீதிமன்றம் வரும்வரை ஒளிந்திருக்கவில்லை. வீட்டு அலமாரியிலேயே இருந்தன.

ஒற்றை வசனத்தின் சிக்கல்

கிறிஸ்தவர்களுக்கு மொழித் தடை இல்லை. மிஷனரி சீகன்பால்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார். லுத்தரன் பிள்ளைகள் ஞானோபதேசம் படித்துத்தான் திடப்படுத்தல் பெறுகிறார்கள். கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளி, மனப்பாட வசனப் போட்டி, வேத வினாடி வினா எல்லாம் உண்டு. பூசை லத்தீனில் நடந்த காலத்தைக் கண்ட கத்தோலிக்கர்களுக்கும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வாசகங்கள் தமிழில் வந்துவிட்டன.

இங்கே சிக்கல் வேறு: வசனம் தெரியும், அதிகாரம் தெரியாது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் பலருக்கும் பிடித்தமானது: உங்களைக் குறித்து நல்ல எதிர்காலம் நினைத்திருக்கிறேன் என்னும் பொருளில் வருவது. பதவி உயர்வுக்கும் விசாவுக்கும் வீடு கட்டுவதற்கும் அதைப் பற்றிக்கொள்கிறார்கள். அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். 10ஆம் வசனம் எழுபது ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. 7ஆம் வசனம் இன்னும் கடினமானது: நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. தனி வீட்டுக்கு வந்த வாழ்த்தட்டையாக நாம் வாங்கிக்கொள்வது, ஊர் முழுவதையும் சுமக்கச் சொல்லும் கட்டளையின் ஒரு துண்டு.

சுமக்க வேண்டிய ஊர்ச் சுமையோ கண்ணெதிரே கிடக்கிறது. பாலாற்றைக் கெடுத்த டேனரிக் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக நீதிமன்றம் மறுபடி பேச வேண்டியிருந்தது. மனிதர்களின் கைகள் செய்தவற்றால் தரையிலும் கடலிலும் கேடு தோன்றிவிட்டது என்று குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் 41ஆவது வசனம் சொல்கிறது. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்ததாக ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. நதியைத் தாயென்று வணங்கும் மரபுக்குச் சான்றே வேண்டாம். மூன்று மரபும் ஒரே குரலில் சொன்ன ஒன்றை இந்தப் பள்ளத்தாக்கு நீதிமன்றத்தின் வாயால் கேட்க வேண்டியதாயிற்று.

| பெட்டிச் செய்தி: உலகம் எழுதிய தேர்வு |
|---|
| அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2010இல் நடத்திய சமய அறிவுத் தேர்வில் 32 கேள்விகள், சராசரி 16. அதிக மதிப்பெண் பெற்றவர்கள் நாத்திகர்களும் கடவுள் உண்டா என்று ஐயுறுபவர்களும். |
| அதே தேர்வில், சீர்திருத்த இயக்கத்துக்கு வித்திட்டவர் மார்ட்டின் லூத்தர் என்று சொல்ல முடியாத சீர்திருத்தச் சபையினர் 53 சதவீதம். |
| இந்தியாவில் சுமார் 30,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட பியூ ஆய்வு: கர்ம வினையை நம்புவோர் இந்துக்களில் 77 சதவீதம், முஸ்லிம்களிலும் 77 சதவீதம், கிறிஸ்தவர்களில் 54 சதவீதம். |
| மறுபிறவியை நம்புவோர்: முஸ்லிம்களில் 27 சதவீதம், கிறிஸ்தவர்களில் 29 சதவீதம். |

கடைசி இரண்டு எண்கள் யோசிக்க வைப்பவை. குர்ஆனும் விவிலியமும் மறுபிறவியைக் கற்பிக்கவில்லை. ஆனாலும் நான்கில் ஒருவருக்கு மேல் நம்புகிறார்கள். நம்பிக்கை நூலிலிருந்து மட்டும் வருவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்தும் திண்ணைப் பேச்சிலிருந்தும் வருகிறது. 'செஞ்ச பாவம் சும்மா விடாது' என்று ஆம்பூர் சந்தையில் மூன்று சமயத்தாரும் ஒரே தொனியில் சொல்வார்கள். நூலறிவுத் தேர்வில் மறுபிறவி நம்பிக்கை தவறான விடை. சேர்ந்து வாழ்ந்த தலைமுறைகளின் தடயம் என்று பார்த்தால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

கைப்பேசி வந்த பிறகு

பொருள் இனி யாருடைய பெட்டியிலும் பூட்டியிருக்கவில்லை. குர்ஆன் தமிழாக்கம், திருவிவிலியம், திருமுறை உரை எல்லாம் கைப்பேசியில் இலவசம். ஷூ கம்பெனிப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடி வேலைக்குப் போகலாம். சில பள்ளிவாசல்களில் அன்றைக்கு ஓதிய பகுதியின் சாரத்தைத் தராவீஹ் முடிந்ததும் சில நிமிடங்கள் சொல்கிறார்கள். பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாக்களிலிருந்து மார்க்கம் கற்ற ஆலிமாக்கள் வருகிறார்கள். கத்தோலிக்கத் திருஅவையில் இறைவார்த்தைக்கென்றே ஆண்டில் ஒரு ஞாயிறை 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒதுக்கினார். தமிழில் அர்ச்சனை செய்யும் திட்டத்தை அறநிலையத் துறை 2021இல் கோயில்களில் முன்னெடுத்தது.

இதன் மறுபக்கமும் கைப்பேசியில்தான் இருக்கிறது. முப்பது விநாடி வீடியோவில் ஒரு வசனம், அதற்கு ஒரு கோபமான விளக்கம். அடுத்தவர் வேதத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு வரி வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. தன் நூலை முழுசாகப் படிக்காதவர், மற்றவர் நூலின் ஒரு வரியை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார். படிக்காமல் இருந்ததைவிட இந்த அரைகுறைப் படிப்பு ஊரை வேகமாகப் பிரிக்கும். முன்பின் வசனங்களைச் சேர்த்துப் படிக்கும் பழக்கம் ஒன்றுதான் இதற்குத் தடுப்பு. அதைத் தனி ஆளாகக் கைப்பேசித் திரையில் பழகிக்கொள்வது கடினம். நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் படிக்கும் இடத்தில்தான் அது வரும்.

இங்கே பந்து சமய நிறுவனங்களின் பக்கம் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் வேலைக்கும் பயணத்துக்கும் கொடுத்துவிட்டு வரும் பெண்ணிடம் 'வேதத்தைப் படிக்கக் கூடாதா' என்று கடிந்துகொள்வது சுலபம். அவளுக்குத் தெரிந்த மொழியில், அவள் வரக்கூடிய நேரத்தில், அவள் கேள்வி கேட்கலாம் என்ற உரிமையோடு ஒரு வகுப்பு வைப்பது ஜமாஅத்தின், சபையின், கோயில் நிர்வாகத்தின் பொறுப்பு. முதல் வகுப்பில் சொத்துப் பங்கு வசனத்தை எடுக்கட்டும். யோப்பாவின் சீமோன் வீட்டை எடுக்கட்டும். சேக்கிழார் எழுதிய நந்தனாரை எடுக்கட்டும். சங்கடமான கேள்விகள் வரும். மகள் பங்கு கேட்பாள், தொழிலாளி மரியாதை கேட்பார், ஆறு சுத்தம் கேட்கும். அந்தக் கேள்விகளைத் தாங்க மனமில்லாததால்தான் பொருளைவிட ஓசையே போதும் என்று நெடுங்காலம் இருந்துவிட்டோமோ என்று ஒவ்வொரு சமயத்தின் பெரியவர்களும் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.